ராஜாவின் கழுத்தில் பொன்வண்டு

முந்நூறு ஆண்டுப் பழமையான பஸோலிச் சிற்றோவியம் ஒன்று: மாடத்தில் திண்டில் சாய்ந்தபடி ஒருவர் ஹூக்கா புகைக்கிறார். பின்னால் ஒருவன் சாமரம் வீசுகிறான். சாய்ந்திருப்பவரின் மாலையில் நெல்மணியைவிடச் சிறிய பச்சைத் துண்டுகள். ஓவியத்தைச் சற்றே சாய்த்தால் அந்தப் பச்சை பளிச்சிடுகிறது. இன்னும் சாய்த்தால் நீலம் தட்டுகிறது. மரகதமாக நடிக்கும் அது, ஒரு வண்டின் சிறகுறை. தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்போமே, அந்தப் பொன்வண்டின் குடும்பம்தான்.

இன்றைய ஜம்முவின் கதுவா மாவட்டத்தில் இருக்கும் பஸோலி அப்போது ஒரு மலைச் சிற்றரசு. அங்கும் அக்கம்பக்கத்து அரசவைகளிலும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஓவியர்கள் வண்டுச் சிறகை நறுக்கி ஒட்டினார்கள்.

அந்தச் சிறகில் பச்சைச் சாயம் எதுவும் இல்லை. ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. திரும்பும் அலைகளில் பச்சைக்குரியவை மட்டும் மேட்டோடு மேடு சேர்ந்து வலுக்கின்றன. மற்றவை ஒன்றையொன்று மங்கச் செய்கின்றன. சாய்த்தால் கணக்கு மாறி, வலுக்கும் அலை நீலத்தின் பக்கம் நகர்கிறது. சாயம் வெளுப்பது ஒளி அதன் மூலக்கூறுகளை உடைப்பதால். இங்கே உடைய வேண்டிய சாயமே இல்லை. முந்நூறு ஆண்டு கழித்தும் மாலை நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது.

மற்ற நிறங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பல தாள்களை மாவுப் பசையால் ஒட்டி அட்டையாக்குவார்கள். அதற்கு வாஸ்லி என்று பெயர். மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு. பிறகு சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குக்கரி எல்லாம் வேலம்பிசினில் குழைந்து, அணில்மயிர்த் தூரிகையால் படலம் படலமாக ஏறும். நடுநடுவே ஓவியத்தை வழவழப்பான கல்லின்மேல் குப்புறக் கிடத்தி, முதுகில் அகேட் என்னும் கடினமான, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்ப்பார்கள். பார்ப்பவருக்கு மனம் பதறும்.

காய்ந்த கூழாங்கல் வெளிறித் தெரியும். தண்ணீரில் போட்டால் அதுவே அடர்நிறம் கொள்ளும். சொரசொரப்பான பரப்பில் படும் வெள்ளொளி எல்லாப் பக்கமும் சிதறி, நிறத்தோடு கலந்து அதை வெளிற வைக்கிறது. வழவழப்பான பரப்பிலோ அந்த மேல்மினுக்கம் ஒரே திசையில் போய்விடும். மற்ற திசைகளிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நிறம் கலப்படமில்லாமல் வந்து சேரும். கல்லால் தேய்ப்பது நிறத்துகள்களை அமுக்கிச் சமன்படுத்தத்தான்.

முத்துக்கு வேறு வித்தை. கெட்டி வெள்ளையைச் சொட்டாக வைத்து மேடாக உலரவிடுவார்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு முத்தும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்ளும். பொன்பூச்சில் ஊசியால் குத்திவிட்டால், ஒவ்வொரு குழியும் வேறு வேறு கோணத்தில் மின்னும்.

குலேர் என்னும் மலைச் சிற்றரசைச் சேர்ந்த ஓவியர் நைன்சுக், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜஸ்ரோட்டா என்னும் இன்னொரு மலைச் சிற்றரசின் அரச குடும்பத்தவரான பல்வந்த் சிங்கிடம் (1724–1763) வேலை செய்தார். அவர் ஓவியங்களில் இத்தனை மினுக்கம் கிடையாது. பல்வந்த் சிங் தாடி திருத்திக்கொள்கிறார், பாட்டுக் கேட்கிறார், ஆட்டம் பார்க்கிறார். சுற்றிலும் வெற்றிடம். மஸ்லின் அங்கிக்கு வெள்ளையை நீர்க்கக் கரைத்து ஒரு படலம் போடுவதோடு சரி; அடியிலிருக்கும் உடல்நிறம் அதன்வழியே கசிகிறது. மரகத மாலையைவிட எனக்கு இந்தக் கஞ்சத்தனம்தான் பிடிக்கும்.

சூரிச்சின் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும், சுமார் 1745–50இல் வரைந்த ஓவியம் ஒன்றில் பல்வந்த் சிங் ஒரு சித்திரத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடன் இருப்பவர்களில் ஒருவர் நைன்சுக்கே என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்த ஓவியங்கள் இப்படிப் பார்ப்பதற்கே பிறந்தவை: கைக்கெட்டும் தூரத்தில், சாய்த்துத் திருப்பி. கண்ணாடிக்குப் பின்னே அசையாத விளக்கொளியில் அவை பாதித் தூக்கத்தில் இருக்கின்றன. படத்தைச் சாய்க்க வழியில்லை என்றால் நாம்தான் சாய வேண்டும். முழங்காலை மடக்கி, தலையைச் சரித்துப் பாருங்கள். முத்து எழும், வண்டு விழிக்கும். காவலாளி முறைத்தால் முறைக்கட்டும்.