எக்செப்ஷன்: விதிவிலக்கா, புறனடையா?

எக்செப்ஷன் லத்தீன் வழி வந்த சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கபேரே' என்றால் எடுத்தல். நிரலாக்கத்தில், ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) வேலையை முடிக்க முடியாமல் வழக்கமான ஓட்டத்தை விட்டு வெளியே தாவுவதைக் குறிக்கிறது.

தமிழில் விதிவிலக்கு என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சொல்லில் சலுகை வாசம் இருக்கிறது: வரியிலிருந்து விலக்கு, தேர்விலிருந்து விலக்கு. பூஜ்ஜியத்தால் வகுத்து நிரல் நிற்பதில் என்ன சலுகை?

நம் இலக்கணத்திலேயே இதைவிடப் பொருத்தமான சொல் உண்டு: புறனடை. புறம் + நடை, அதாவது புறத்தே நடப்பது. தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் கடைசி நூற்பா 'கிளந்த அல்ல' என்று தொடங்கும். சொன்ன விதிகளுக்குள் அடங்காதவையும் உண்டு, அவற்றை இப்படிக் கொள்க என்று நூலாசிரியர் நூலுக்குள்ளேயே எழுதிவைப்பதுதான் புறனடை. இலங்கைத் தமிழில் இன்றும் 'இதற்குப் புறநடையாக' என்று எழுதுகிறார்கள்.

ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் ஃபங்ஷனல் நிரலாக்கத்தின் நல்ல வழக்கமும் இதேதான்: அடங்காததை முன்பே சொல்லிவிடுவது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் 'ஹெட்' ஃபங்ஷன் பட்டியலின் முதல் உறுப்பைத் தருவதாக அதன் டைப் (எதை வாங்கி எதைத் தரும் என்ற அறிவிப்பு) சொல்லும். வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் எக்செப்ஷன் வீசும். டைப் மறைத்த செய்தி அது. 'மேபி' என்று டைப் எழுதினால் 'கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்' என்பது முன்பே தெரிந்துவிடும். ஓகேமல் என்ற நிரல்மொழியும் 2017இல் 4.05 பதிப்பில், தேடியது கிடைக்காவிட்டால் எக்செப்ஷன் வீசும் 'ஃபைண்ட்' பக்கத்திலேயே, 'மேபி' போன்ற விடை தரும் 'ஃபைண்ட்_ஆப்ட்' சேர்த்தது.

ஹாஸ்கெலில் இன்னொரு சிக்கல்: மதிப்பு தேவைப்படும்போதுதான் கணக்கிடப்படும். எக்செப்ஷனைப் பிடிக்க வலை விரித்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு, வேறெங்கோ அது வெடிக்கலாம். அதனால் எதிர்பார்க்கக்கூடிய தோல்வியை மதிப்பாகத் திருப்பிக் கொடுங்கள். வட்டு நிறைவது, நினைவகம் தீர்வது போன்றவை மட்டும் எக்செப்ஷனாக இருக்கட்டும். அவற்றை நிரலின் விளிம்பில், வெளியுலகோடு பேசும் இடத்தில் பிடியுங்கள். பிடித்ததைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடாதீர்கள்.

தோல்விக்குக் காரணமும் வேண்டும் என்றால் 'மேபி'க்குப் பதில் 'ஈதர்' என்ற டைப். அதில் பிழை 'லெஃப்ட்', சரியான விடை 'ரைட்'. ஆங்கிலத்தில் ரைட் என்றால் சரி என்றும் பொருள் என்பதால் அமைந்த வழக்கம். அப்புறம் தமிழில் எப்படிச் சொல்வது? 'வலம்' என்றே சொல்லலாம். வலப்பக்கம் என்பதோடு வெற்றி என்ற பொருளும் அதற்கு உண்டு. சங்கப் பாட்டின் 'வலம்படு முரசு' வெற்றி முரசுதான்.