தீயணைப்பு வண்டிக்கு எப்போது வயதாகிறது?

போன மாதம் எங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்தில், தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி கேட்டு அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து, “வண்டி இன்னும் 60,000 கிலோமீட்டர்கூட ஓடலையே, அதுக்குள்ள எதுக்குப் புதுசு?” என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். டவுன் பஸ் ஒன்று அந்தத் தூரத்தை ஒரு வருடத்தில் ஓடிவிடும். ஆனால் தீயணைப்பு வண்டிகளைப் பழுது பார்ப்பதிலேயே 26 வருடம் கழித்த எனக்கு, அந்த மீட்டரை நம்பக் கூடாது என்று தெரியும்.

தண்ணீரை அடிக்கும் பம்ப்புக்குத் தனி என்ஜின் கிடையாது. வண்டியை ஓட்டும் அதே என்ஜின்தான், விசையைப் பிரித்துக் கொடுக்கும் பி.டி.ஓ. என்ற இணைப்பு வழியாகப் பம்ப்பையும் சுற்றுகிறது. வைக்கோல் போர் எரிந்தால் நாலைந்து மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, என்ஜின் தேய்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் சுமை. 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் நாலரை டன். லாரியாவது சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக நிற்கும். இந்த வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் டேங்க் நிறையத் தண்ணீரோடுதான் நிற்கிறது. ஸ்பிரிங் பட்டைகளும் டயரும் அந்த நாலரை டன்னை ராத்திரி பகலாகத் தாங்குகின்றன.

ஒரு தென்னைநார் கிடங்குத் தீயை என்னால் மறக்க முடியவில்லை. தண்ணீரைப் பீய்ச்சும் ஹோஸ் முனையான பிராஞ்ச் இரண்டைப் பிடித்ததில் டேங்க் ஐந்தாறு நிமிடத்தில் காலி. பக்கத்திலேயே கிணறு, தண்ணீர் ஆறு மீட்டர் ஆழத்தில். தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் ஹோஸை இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் ப்ரைமரைப் போட்டார்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைந்தது என்று காட்டும் கேஜ் முள் கொஞ்சம் இறங்கிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. தேய்ந்துபோன சீல் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. காற்று போனால் பம்ப் தண்ணீரை இழுக்காது. நான்கு முறை முயன்றும் பலனில்லை. பக்கத்து ஊர் வண்டி வருவதற்குள் கூரை சரிந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. ஆனால் கிணற்று விளிம்பில் வெறும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையன்களின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் வண்டிக்குப் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

டேங்குக்குள் அலையை அடக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். இரும்பு டேங்கில் அவை துருப்பிடித்து விட்டுப்போனால், பாதித் தண்ணீரோடு திருப்பத்தில் வளையும்போது வண்டியே சாயப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது, வண்டி வாங்குவதும் அவர்கள் முடிவு. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. அதனால் நகராட்சி கேட்கத்தான் முடியும். சரி, கேட்பதை விவரத்தோடு கேட்கலாமே. பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது சக்‌ஷன் டெஸ்ட் எடுத்தார்கள், அதில் கேஜ் முள் இறங்கிய இடத்திலேயே எத்தனை நிமிடம் நின்றது என்று விசாரியுங்கள். ஊரின் மிகக் குறுகலான தெருவின் அகலத்தையும் அளந்து தீர்மானத்தில் சேருங்கள். பெரிய வண்டி வந்து தெருமுனையில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

கேட்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பதிவாகி 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை வாங்கி, டேங்க் கட்டி, பம்ப் பொருத்தி வண்டி வந்து சேரப் பல மாதம் ஆகும். பதினைந்தாவது வருடத்தில் விழித்துக்கொண்டால் நடுவில் ஷெட் காலியாகக் கிடக்கும்.

அந்த உறுப்பினரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்துக்கு வந்து சக்‌ஷன் டெஸ்டை நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன்.