ஒரு கிலோ ரெசினுக்கு ஒரு கிராம்: பிளாஸ்டிக் மின்கடத்தும் விதம்

திருகோணமலைச் சீனக்குடாவின் பழைய எண்ணெய்க் குதங்கள் இரும்பால் ஆனவை. எரிபொருள் குழாய்க்குள் ஓடும்போது சுவரோடு உரசி நிலைமின் ஏற்றம் சேர்கிறது. இரும்பு அதை நிலத்துக்குக் கடத்திவிடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது போக வழியில்லாமல் தேங்கும். ஒரு சிறு பொறி பறந்தாலே பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். வாகனங்களின் எரிபொருள் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் செய்தவர்கள் இந்தச் சிக்கலுக்கு 1990களிலேயே கண்ட தீர்வுகளில் ஒன்று, நைலோனுக்குள் காபன் நனோகுழாய்களைக் கலப்பது.

காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்து, அந்த வலை உருளையாகச் சுருண்டிருப்பதுதான் நனோகுழாய். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர் சுமியோ இஜிமா இதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து விவரித்த பிறகே உலகம் இதன்மேல் கண் வைத்தது. பல சுவர்கள் கொண்ட வகையில் விட்டம் 10 நனோமீற்றர் அளவில் இருக்கும். நீளமோ சில மைக்ரோமீற்றர், அதாவது தடிப்பின் பலநூறு மடங்கு. டயருக்குக் கலக்கும் காபன் கரியும் மின்கடத்தும்தான். ஆனால் அதன் துணிக்கைகள் உருண்டை. அவை ஒன்றையொன்று எட்டுவதற்குப் பெரும்பாலும் எடையில் 5 முதல் 20 சதவீதம் வரை கொட்ட வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் விறைத்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். நனோகுழாய் என்றால், இறுகிக் கெட்டியாகும் பிசினான இப்பொக்சி ரெசினில் 0.1 சதவீதம், கிலோவுக்கு ஒரு கிராம், பல வேளைகளில் போதும். 2003இல் வெளியான ஓர் ஆய்வு 0.0025 சதவீதம் வரை இறங்கியது.

ஆச்சரியமானது, கடத்துதிறன் படிப்படியாக ஏறுவதில்லை என்பதுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைக் கூட்டிக்கொண்டு போனால் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மிகச் சிறிய இடைவெளிக்குள் கடத்துதிறன் கோடி மடங்கு கூடிவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு தரைவழியே மூதூர் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எத்தனை மைல் தார் றோட்டு இருந்தாலும் தண்ணீர் குறுக்கிட்ட இடத்தில் பயணம் நின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சி கிடைத்தால்தான் வழி. அந்தத் தொடர்ச்சி முதன்முதலில் கிடைக்கும் அளவைப் பேர்கொலேஷன் நுழைவாய் என்கிறார்கள். இதன் கணிதத்தை 1957இல் புரோட்பென்ட், ஹாமர்ஸ்லி இருவரும் வகுத்தார்கள்.

குழாய்கள் உண்மையில் தொட்டுக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை. இடையில் ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பில் ரெசின் படலம் இருந்தாலும் இலத்திரன் குவாண்டம் ஊடுருவலால், அதாவது கடத்தாத மெல்லிய தடையைத் தாண்டும் அணு உலகின் இயல்பால், கடந்துவிடும். இடைவெளி சற்றுக் கூடினாலும் அந்த வாய்ப்பு மிக வேகமாக அற்றுப்போகும். கலவையின் மின்தடையில் பெரும்பங்கு குழாய்களில் இல்லை, இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. ஆகவே கலவை செம்புக்கு ஈடாகாது. நிலைமின்னை வடிக்க அந்த அளவு தேவையும் இல்லை.

தூளைக் கொட்டிக் கிளறினால் காரியம் முடிந்துவிடாது. நனோகுழாய்கள் வந்தர்வாலிசு விசை என்ற மெல்லிய மூலக்கூற்றுக் கவர்ச்சியால் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடக்கும். கையால் கலக்கிய ரெசினில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுணுக்குக்காட்டியில் வைத்தால், தெளிந்த ரெசினுக்குள் தனித்தனிக் கறுப்புத் திட்டுகள் தெரியும். வெறுங்கண்ணுக்கு முழுக்கக் கறுப்பான கட்டியாக இறுகினாலும், மல்ரிமீற்றர் அதில் எதையும் காட்டாமல் போகலாம். கற்றைகளைப் பிரிக்கக் கரைப்பானில் இட்டுக் கழியொலி, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, செலுத்துவார்கள். உண்டாகும் நுண்குமிழிகள் வெடிக்கும் வேகம் அவற்றைப் பிய்க்கும். அளவுக்கு மிஞ்சினால் குழாய்களே முறிந்து குட்டையாகி, நுழைவாய் மேலே போய்விடும். நைத்திரிக், சல்பூரிக் அமிலங்களில் ஊறவைத்தால் குழாய்கள் ரெசினோடு நன்றாக இணங்கும். ஆனால் சுவரின் அறுகோண வலை சிதைந்து கடத்துதிறன் குறையும். நைலோன் போன்று உருகும் பல்பகுதியங்களை (பிளாஸ்டிக் வகைகளை) இரட்டைத் திருகு இயந்திரத்தில் உருக்கிப் பிசைவார்கள்.

என்னை மிகவும் கவர்வது இதற்கு அடுத்த கட்டம். எல்லாக் குழாய்களையும் முற்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரெசின் மூடிவிட்டால், பலத்துக்கு அது நல்லது, மின்சாரத்துக்குக் கெட்டது. நன்றாகப் பிரித்த பின், ரெசின் இறுகுவதற்குள், வெப்பமும் மெல்லிய கிளறலும் கொடுத்தால் அவை தளர்ந்த வலையாக மீண்டும் கூடும். ஒரே அளவு தூள், ஒரே ரெசின். கிளறிய விதத்தால் ஒரு கட்டி கடத்தும், மற்றது கடத்தாது. செய்முறைக் குறிப்பில் சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விடுவது பெரிய குறை என்பேன்.

உலர்ந்த தூளை முகமூடியில்லாமல் கையாளவே கூடாது. நீண்டு விறைத்த இழைகள் நுரையீரலில் தங்கும். எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற பலசுவர் நனோகுழாய் வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

நம் கரையோரத்துப் பைபர் படகுகளுக்கு இதில் ஒரு பயன் உண்டு. அவற்றை ஆக்கும் கண்ணாடி இழை மின்கடத்தாது. ஆகவே ரெசினுக்குள் இருக்கும் நனோகுழாய் வலையே ஒரு நரம்பாக வேலைசெய்யும். உள்ளே வெடிப்பு விழுந்தால் சில வழிகள் அறுந்து தடை ஏறும். வெறும் இழுவிசையால் ஏறிய தடை, சுமை நீங்கியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். வெடிப்பால் ஏறியதில் ஒரு பங்கு அப்படியே நிற்கும். கண்ணாடியிழைக் கலவைகளில் இதை 2006இல் செய்துகாட்டினார்கள். வெயிலும் ஈரமும் கூடத் தடையை மாற்றும் என்பதால், படகில் பொருத்துவதானால் பக்கத்தில் சுமை ஏறாத ஒரு துண்டையும் வைத்து, இரண்டு அளவீடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.