டெக்ஸ்சர்: மண்ணின் இழையா, நயமா?

உலக மண் தரவுத் தொகுப்புகளில் எதைத் திறந்தாலும் தவறாமல் இருக்கும் எண்கள் மூன்று: மணல் எத்தனை விழுக்காடு, வண்டல் எத்தனை, களி எத்தனை. இந்த மூன்றின் கலப்புக்கு ஆங்கிலத்தில் சாயில் டெக்ஸ்சர் என்று பெயர். தமிழில் சிலர் இழையமைப்பு என்கிறார்கள், சிலர் மண் நயம் என்கிறார்கள். எதை எழுதினால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இதில் ஒரு சொல் மண்ணைத் தவறாகக் காட்டுகிறது.

டெக்ஸ்சரின் வேர் லத்தீன். டெக்ஸெரே என்றால் நெய்தல், டெக்ஸ்டுரா என்றால் நெசவு. துணியைச் சொல்லும் டெக்ஸ்டைலும், எழுத்தைச் சொல்லும் டெக்ஸ்டும் இதே வேரில் முளைத்தவை. நமக்கு இந்த உறவு புதிதல்ல. பஞ்சில் திரிப்பதும் நூல், படிப்பதும் நூல். துணியின் நெசவைக் குறித்த சொல், பிறகு தொட்டு உணரக்கூடிய தன்மை எல்லாவற்றுக்கும் பொதுவானது. மரப்பலகைக்கும் டெக்ஸ்சர், மாவுக்கும் டெக்ஸ்சர், அப்புறம் மண்ணுக்கும்.

ஆனால் மண்ணியலுக்குள் வந்ததும் சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. அங்கே அது துகளின் பருமனை மட்டும்தான் பேசுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரையறைப்படி 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், அதற்குக் கீழே 0.002 மி.மீ. வரை வண்டல், அதையும்விடச் சிறியது களி. துகள்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக் கட்டியாகின்றன, நடுவே எத்தனை இடைவெளி என்பதெல்லாம் வேறு கணக்கு. அதற்கு ஸ்ட்ரக்சர், அதாவது மண் கட்டமைப்பு என்று பெயர். சரியாகப் பார்த்தால் நெசவு என்ற உவமை பொருந்துவது கட்டமைப்புக்குத்தான். டெக்ஸ்சர் சொல்வது நூலின் பருமனை மட்டுமே.

இதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பட்டையாக நசுக்கித் தள்ளுங்கள். மணல் அதிகமென்றால் நறநறவென்று இருக்கும், பட்டை எழும்பாமலே உதிரும். வண்டல் மாவுபோல வழுக்கும். களி பிசுபிசுவென்று ஒட்டும், பட்டை ஒடியாமல் நீண்டு தொங்கும். கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தாலும் தெரியும்: மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டலுக்குச் சில மணி நேரம் வேண்டும், களி நாள்கணக்கில் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

எல்லைக்கோடு எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் அட்டர்பெர்க் வகுத்து, பன்னாட்டு முறையாக ஏற்கப்பட்ட அளவில் மணல் 0.02 மி.மீ. வரை இறங்கும். அதனால் ஒரே மண்ணுக்கு ஒரு நாட்டின் ஆய்வகம் மணல் கூடுதல் என்றும், இன்னொரு நாட்டின் ஆய்வகம் வண்டல் கூடுதல் என்றும் எழுதும். இரண்டு முடிவும் சரி. உலகத் தொகுப்பு செய்பவர்கள் இவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் அடுத்த அடி வைக்க முடியாது.

இத்தனை சிரமம் எதற்கு? மழைநீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும், எவ்வளவு ஆவியாகும் என்று கணக்கிடுவது நிலப்பரப்பு மாதிரி என்னும் கணினி நிரலின் வேலை. வானிலைக் கணிப்பும் காலநிலைக் கணிப்பும் அதன் மேல்தான் நிற்கின்றன. மண் நீரைப் பிடித்துவைக்கும் திறனை ஊர் ஊராக அளப்பது நடக்காத காரியம். களி எத்தனை விழுக்காடு என்று அளப்பது எளிது. எனவே எளிதில் கிடைப்பதிலிருந்து தேவையானதை ஊகிக்கிறார்கள். 1978இல் கிளாப், ஹார்ன்பெர்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 11 நய வகைகளுக்கு அப்படி ஓர் அட்டவணை தந்தார்கள். அதன்படி நீர் நிறைந்த நிலையில் மணல், களியைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக நீரைக் கடத்தும். இந்த வகை ஊகச் சமன்பாட்டுக்கு 1989இல் நெதர்லாந்தின் மண்ணியலாளர் பௌமா பெடோடிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று பெயரிட்டார். பெடோன் கிரேக்கத்தில் தரை. மண்பண்பு மாற்றுச் சார்பு என்று தமிழில் சொல்லலாம்.

வாகனிங்கன் நகரில் உள்ள ஐஸ்ரிக் நிறுவனத்தின் சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் தரவுத் தொகுப்பு இன்று 250 மீட்டர் கட்டம் கட்டமாக, 2 மீட்டர் ஆழம் வரை 6 அடுக்குகளில் இந்த மூன்று எண்களையும் தருகிறது. 1970களில் வெளிவந்த உணவு வேளாண் அமைப்பு–யுனெஸ்கோ மண் வரைபடத்தில் இருந்தவை பரு, இடை, நுண் என்ற மூன்றே வகைகள், அதுவும் 50 லட்சத்தில் ஒரு பங்கு அளவில்.

இப்போது பெயருக்கு வருவோம். நயமாக அரைத்த மாவு, நயமான துணி என்று விரலுக்குப் படும் மென்மையைச் சொல்ல நமக்கு நயம் என்ற சொல் இருக்கிறது. நயம் சரக்கு என்று கடையில் உயர்வையும் சொல்கிறோம், அதனால் நல்ல மண் என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குழப்பம் பருநயம், இடைநயம், நுண்நயம் என்று அடைசேர்த்து எழுதினால் போய்விடும். இழையமைப்பில் அந்த வசதி இல்லை. இழையும் தவறு, அமைப்பும் தவறு. லோம் என்ற கலப்பு மண்ணுக்கும் வண்டல், சில்ட் என்ற நடுத்தரத் துகளுக்கும் வண்டல், ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்ணுக்கும் வண்டல் என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். லோமுக்கு இருவாட்டி என்ற பழைய உழவர் சொல் இருக்கிறது. மணலும் களியும் கலந்த நிலம் அது. துகளுக்கு வண்டல் துகள், ஆறு சேர்த்ததற்கு ஆற்று வண்டல் என்றால் மூன்றும் பிரிந்து நிற்கும்.

நயத்தையும் கட்டமைப்பையும் பிரித்து எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரேசிலின் செராடோ புல்வெளியைப் பார்க்கலாம். அங்கே பல இடங்களில் மண்ணில் பாதிக்கு மேல் களி. மிதவெப்ப நாடுகளின் மண்ணைக் கொண்டு எழுதிய சமன்பாட்டில் போட்டால், நீர் மெல்ல இறங்கும் என்று விடை வரும். ஆனால் மழை பெய்தால் நீர் மணலில் இறங்குவதுபோல் இறங்கிவிடுகிறது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் களித் துகள்களை மணல் பருமனுக்கு உருட்டி இறுக்கி வைத்திருப்பதுதான் காரணம். நயம் நுண்நயமேதான், வேலை செய்வது கட்டமைப்பு. வெப்பமண்டல மண்ணுக்கென்று தனிச் சமன்பாடுகள் எழுத வேண்டி வந்தது இதனால்தான்.