இகரப்பே: தோணி போகும் வழி

அமேசான் பயணக் கட்டுரைகளில் அடிக்கடி தட்டுப்படும் சொல் இகரப்பே. 'காட்டுக்குள் ஓடும் சிற்றாறு' என்று ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிடுவார்கள். தப்பில்லைதான். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் தோணி அதில் காணாமல் போகிறது.

பிரேசிலின் போர்ச்சுகீசியத்தில் இன்று சாதாரணமாகப் புழங்கினாலும், இது அங்குள்ள பழங்குடியினரின் துப்பி மொழி தந்த சொல். 'இகர' என்றால் தோணி, 'பே' என்றால் பாதை. துப்பியிலிருந்து கிளைத்த ஞெங்காத்து இன்னும் பேசப்படுகிறது. ரியோ நெக்ரோ ஆற்றங்கரையிலுள்ள சாவ் கப்ரியேல் தா கஷோய்ரா நகராட்சி 2002-இல் அதைத் தன் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது.

நம் 'ஓடை' ஓடுவதால் வந்த பெயர், ஓடுவது தண்ணீர். இகரப்பேயில் போவது மனிதர். மழைக்காட்டு ஊர்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும். மரவள்ளித் தோட்டத்துக்கும், தூண்டில் போடவும், அடுத்த ஊர்ச் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் தோணியில்தான் போக வேண்டும். ஊர்த்துறையில் ஒரு பக்கம் பிள்ளைகள் குதித்து நீந்த, இன்னொரு பக்கம் மரவள்ளிக் கிழங்கு தண்ணீரில் ஊறிக் கிடக்கும். கட்டஞ்சாயா நிறத் தண்ணீர். மட்கிய இலைகளின் சாறு அது.

இந்தப் பாதை ஒரே அளவில் நிற்பதில்லை. பிரேசிலின் அமேசான் பகுதி நகரமான மனௌஸ் அருகே வெள்ளக் காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் வேறுபடும். ஏறினால் மரங்களுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் துடுப்புப் போடலாம். அப்படி மூழ்கிய காட்டுக்கு இகப்போ என்று தனிப்பெயர். இறங்கினால், விழுந்து கிடக்கும் மரத்தின் மேலாகத் தோணியை இழுத்துப் போக வேண்டியதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சிற்றோடை என்றால் தோணி இல்லை. கால்வாய் என்றால் யாரோ வெட்டியது போலாகிவிடும். 'தோணிவழி' என்பதே என் தேர்வு. தோண்டிச் செய்ததால் தோணி என்பார்கள் சொல்லாய்வாளர் சிலர். இகரவும் பெரும்பாலும் அப்படித்தான்: ஒற்றை மரத்தைக் குடைந்து, நெருப்பில் வாட்டி, இளகியதும் பக்கங்களை விரித்துச் செய்வது.

மனௌஸ் நகருக்குள் ஓடும் பல இகரப்பேக்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர், மேலே பாலம், உள்ளே சாக்கடை. அங்கே கால்வாய் என்றே எழுதலாம்.