மெதுவாக வரும் புயலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

புயல் அறிவிப்பு வந்தாலே வடசென்னைக் காசிமேட்டில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இன்னா சார், எட்டு கிலோமீட்டர் வேகத்துலதான் வருதாம், சைக்கிளே அதைவிட வேகமா போவும், இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, டிவியில் அந்த எண்தான் நாள் முழுக்க ஓடுகிறது. ஆனால் புயல் நகரும் வேகம் வேறு, அதற்குள் சுற்றும் காற்றின் வேகம் வேறு. 8 கிலோமீட்டரில் ஊர்ந்து வரும் புயலுக்குள் காற்று 80, 100 என்று வீசிக்கொண்டிருக்கலாம். நடுக்கடல் மிதவைகள் அனுப்பும் தகவலைப் படிப்பது என் தொழில். அங்கிருந்து பார்த்தால், அவசரமாக வந்து கடந்து போகிற புயலைவிட நின்று நிதானமாக வருவதுதான் எனக்குப் பயம்.

புயலை ஓட்டுவது கடலின் சூடு. மேல்தண்ணீர் குறைந்தது 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும், அதுவும் மேலே மட்டும் இருந்தால் போதாது, சுமார் 50 மீட்டர் ஆழம் வரை வெதுவெதுப்பு இருக்க வேண்டும். ஆவியான நீர் உயரே போய் மேகமாக மாறும்போது விடுகிற வெப்பத்தில்தான் சுழல் பலம் பெறுகிறது. சரி, கடல் சும்மா கொடுத்துக்கொண்டே இருக்குமா? இருக்காது. காற்று கடலைக் கலக்கக் கலக்க அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். மையத்தை ஒட்டி மேல்தண்ணீர் நாலாபக்கமும் விலக, அந்த இடத்துக்கும் கீழேயிருந்து நீர் ஏறும். புயல் போன தடம் 2, 3 டிகிரி குளிர்ந்து கிடப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். அப்படியென்றால் ஒரே இடத்தில் நிற்கிற புயல் தன் சூட்டைத் தானே குறைத்துக்கொண்டு படுத்துவிட வேண்டும், பல கடல்களில் அப்படித்தான் நடக்கிறது.

வங்கக் கடலில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், இதை நம்பி உட்கார முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற பெரிய ஆறுகள் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரை மொத்தமாகக் கொண்டுவந்து இந்தக் கடலின் வடக்கில்தான் கொட்டுகின்றன. உலகக் கடல்நீரில் சராசரியாக ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால், அங்கே அந்த மாதங்களில் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். உப்பு குறைந்த நீர் இலேசு, அதனால் பால் மேல் ஏடு படிந்த மாதிரி அது தனியாக மேலே நிற்கும், காற்று எவ்வளவு அடித்தாலும் கீழே உள்ள கனத்த நீரோடு சுலபத்தில் கலக்காது. இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது, இந்த நீரை ஆந்திரக் கரையோரமாக இழுத்துக்கொண்டு பழவேற்காடு, எண்ணூர், காசிமேடு என்று நம் வாசல் வழியாகவே போகிறது. சரியாகப் புயல் காலத்தில்!

சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுத்தியிருக்கும் மிதவைகளில் 500 மீட்டர் ஆழம் வரை சென்சார்கள் தொங்குகின்றன. வடக்கு வங்கக் கடல் மிதவையின் வரைபடத்தை டிசம்பர் வாக்கில் திறந்து பார்த்தால், மேலே உள்ள சென்சாரைவிட 40, 50 மீட்டருக்குக் கீழே உள்ளது கொஞ்சம் கூடுதல் சூட்டைக் காட்டும். புதிதாகச் சேருகிறவர்கள் சென்சார் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்த நிலையில் புயல் எவ்வளவு கலக்கினாலும் முதலில் மேலே வருவது குளிர்ந்த நீர் இல்லை. மே மாதப் புயல் அந்தப் பகுதியை 2, 3 டிகிரி குளிரவைக்கும் என்றால், தென்மேற்குப் பருவமழைக்கு அப்புறம் வருவது 1 டிகிரிகூடக் குறைக்காமல் போவதுண்டு. வறண்ட காற்று, மேலடுக்குக் காற்றின் இழுப்பு என்று புயலைக் குலைக்க வேறு காரணங்களும் உண்டு, அதனால் எல்லாமே வலுக்கும் என்று நான் சொல்லவில்லை. தானாகப் படுத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

வலுத்தாலும் வலுக்காவிட்டாலும் மெதுவான புயல் நமக்குச் செய்வது என்ன என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் காட்டியது. அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கம். ஆனால் அதற்கு முன்னால் நமக்கு நேர் எதிரே கடலில் மெல்ல நகர்ந்தபடி, நகரில் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. பூண்டி, புழல் உபரிநீரும் ஊர்மழையும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தால், கடல் வாங்க வேண்டுமே! காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும், வழக்கமாக 1010 பக்கம் இருப்பது மையத்தில் 990 என்றால் அதிலேயே கிட்டத்தட்ட 20 செ.மீ. அதன்மேல் கரையில் உடைகிற அலை தள்ளும் நீர், அதன்மேல் கடல் ஓதத்தின் ஏற்றம். வேகமான புயல் ஒரு ஏற்றத்தோடு முடிந்துவிடும், மெதுவான புயலில் இரண்டு மூன்று ஏற்றங்கள் வந்து போகும், ஒவ்வொரு முறையும் ஆற்றுநீர் பின்வாங்கி மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் நிற்கும். அந்த முறை வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"மகாபலிபுரத்துப் பக்கம்தானே கடக்குது" என்ற நிம்மதியும் தப்பு. கிழக்கேயிருந்து வரும் புயலுக்கு வடக்குப் பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். 2022 மாண்டஸ் மாமல்லபுரத்தருகே கடந்தபோது நாம் இருந்தது அந்தப் பக்கம். ஒரு சின்ன ஆறுதல், சென்னைக்கு எதிரே கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுவதால் ஒடிசா, வங்காளம் அளவுக்கு இங்கே கடல் பொங்கி ஊருக்குள் வராது. ஆனால் அதே ஆழத்தால் பெரிய அலைகள் பலம் குறையாமல் திருவொற்றியூர் கற்சுவர் வரை வந்து மோதும். ஆகவே அறிவிப்பில் காற்றின் வேகத்தோடு நிறுத்தாமல், இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் தரும் அலை உயரத்தையும் அன்றைய ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

புயல் போன மறுநாள் வெயில் அடிக்கும், கடலுக்குப் போகக் கை பரபரக்கும். கலங்கிய கடலில் அடியிலிருந்து சத்து மேலே வந்து பாசி பெருகினால் சில நாளில் மீனும் அந்தப் பக்கம் கூடும், ஆனால் நன்னீர் தடித்து நிற்கும் இடத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு. அதைவிட முக்கியம் முகத்துவார மணல்: புயலுக்கு முன் படகு போன வழியில் இப்போது திட்டு இருக்கலாம், அதில் உடையும் அலை ஃபைபர் படகைச் சுலபமாகக் கவிழ்த்துவிடும். இறக்கத்தில் கரையில் நின்று அலை எங்கே உடைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறும் நேரத்தில், ஆழம் பார்த்தபடி மெதுவாக வெளியே போங்கள்.