பானைக்கு வியர்க்காவிட்டால் தண்ணீர் குளிராது

ரங்கூன் தெருக்களில் வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் மண்பானைகள் இருக்கும். மேலே மூடி, அதன்மேல் ஒரு குவளை. போகிற வருகிற யாரும் மொண்டு குடிக்கலாம். பர்மாக்காரர்களுக்கு அது புண்ணியம். நமக்கு அது தண்ணீர்ப்பந்தல்.

எங்கள் வாசலிலும் ஒன்று உண்டு. அழகாக இருக்கட்டுமே என்று போன சித்திரையில் அதற்கு நீல எனாமல் பெயின்ட் அடித்தேன். மறுநாள் மத்தியானம் அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தம்பி, பானையோட மூச்சை அடைச்சுட்டியே!" என்றார். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

அண்ணி சொன்னது சரிதான். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அவை வழியே தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகி, ஆவியாகும். நீரின் மூலக்கூறுகளில் வேகம் கூடியவைதான் முதலில் பறந்துபோகும். வேகம் குறைந்தவை தங்கிவிடும். வேகம் குறைந்தால் வெப்பம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அதைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பத்து லிட்டர் பானையில் 100 கிராம், அதாவது அரை டம்ளர் தண்ணீர், ஆவியானால் மிச்சத் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி இறங்க வேண்டும். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு இறங்காது. நான் பெயின்ட் அடித்தது அந்தத் துளைகளின்மேல்! பழைய பானையிலும் உப்புப் படிந்து துளை அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்தால் கொஞ்சம் உயிர் வரும்.

பானை எவ்வளவு குளிரும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. 37 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், ஈரமான பொருள் 26 டிகிரி வரை குளிரலாம். 31 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 என்றாலோ, 28தான் எல்லை. வெயில் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம்; அதனால் பலனும் குறைவு! வறண்ட மாண்டலே பக்கம் பானை நன்றாக வேலை செய்வதற்கு இதுதான் காரணம். 2024 ஏப்ரல் 28 அன்று சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது; அதுவும் அந்த வறண்ட பகுதிதான்.

நம் உடம்பும் ஒரு பானைதான். சாயங்காலம் இன்யா ஏரிக்கரையில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறதே, காற்று தோலைச் சுற்றியிருக்கும் ஈரக்காற்றை விரட்டி, வியர்வையை ஆவியாக்குவதால்தான். (அந்த ஏரி இயற்கையானதல்ல, ஊருக்குத் தண்ணீர் தர வெள்ளைக்காரர்கள் 1880களில் உருவாக்கியது.) காற்று நின்றால் வியர்வை சொட்டும். சொட்டுகிற வியர்வை வீண். அது ஆவியாகவில்லை, எனவே குளிர்ச்சியும் தரவில்லை.

அடுப்படியில் தொல்லை இரட்டிப்பு. கரியடுப்பின் சூடு ஒன்று, சோறு கொதிக்கும் ஆவி இன்னொன்று. ஆவியால் காற்று ஈரமாகிவிட்டால் விசிறி சுற்றியும் பிரயோசனம் குறைவு. அண்ணி இதை அறிவியலாகப் படித்ததில்லை. ஆனால் பானையை மூடித்தான் கொதிக்க விடுவார், இரண்டு சன்னலையும் திறந்து வைப்பார், கழுத்தில் ஈரத்துண்டு கிடக்கும்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் நல்ல பானைக்கும் வியர்ப்பது குறையும். அப்போது அண்ணி அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். என் நீலப் பானையில் இப்போது புளி இருக்கிறது.